மணக்கும் தக்காளியை நாமே உருவாக்குவது எப்படி?

தக்காளியில் இனிப்பைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. காய் பழுக்கும் சமயத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் பழம் சற்றுச் சிறுத்து, சாறு கெட்டியாகி, இனிப்பு ஏறிவிடும். மணம் அப்படி வராது. நல்ல மண்ணும் வெயிலும் இருக்கிற மணத்தை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அடிப்படை விதையில் இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த மணம் ஒரு செடியில், நமக்குப் பிடித்த இனிப்பு இன்னொரு செடியில் என்று இருந்தால் இரண்டையும் கலந்து, பிறக்கிற பிள்ளைகளில் நல்லதைப் பொறுக்கி எடுக்கலாம்.

பல வருஷமாக இதுதான் என் பொழுதுபோக்கு. ஆய்வகம் எதுவும் கிடையாது. கூர்மையான இடுக்கி ஒன்று, சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையை அளக்கக் கையடக்கப் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று, ஒரு நோட்டு, சாப்பிட்டுச் சொல்ல வீட்டுக்காரர், நாத்தனார். இதை வைத்துக்கொண்டே செய்யலாம். ஆனால் பொறுமை வேண்டும். நினைத்த பழம் விதைக்கு விதை மாறாமல் வர ஆறேழு தலைமுறை ஆகும்.

கலப்பில் இறங்குவதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. நாக்குக்குத் தெரிவது கொஞ்சம்தான்: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரை, சிட்ரிக், மாலிக் என்ற இரண்டு அமிலம். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. தக்காளிப் பழத்தில் ஆவியாகிற பொருள்கள் நானூறு அளவுக்குக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் நம் மூக்குக்கு உண்மையில் பொருட்டாக இருப்பவை இருபது முப்பதுதான்.

அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். முதல் கூட்டம் கொழுப்பு அமிலத்திலிருந்து வருவது. பழத்தை வெட்டியதும் பச்சைப் புல் மாதிரி ஒரு வாசம் எழுமே, அது ஹெக்சினால். திசு நசுங்கும்போதுதான் அது உண்டாகிறது, அதனால் முழுப் பழத்தை முகர்ந்தால் தெரியாது. இரண்டாவது கூட்டம் அமினோ அமிலத்திலிருந்து வருவது. ரோஜா வாசம் தருகிற ஃபீனைல் எத்தனால் இதில் சேர்த்தி. மூன்றாவது, பழத்துக்கு நிறம் கொடுக்கிற கரோட்டினாய்டுகள் உடைந்து வருவது. பூ வாசம் தருகிற பீட்டா அயனோன், எலுமிச்சைச் சாயல் உள்ள ஜெரானியல் எல்லாம் இங்கேதான். அளவில் இவை மிகக் கொஞ்சம். ஆனால் மூக்கு இவற்றை விடாமல் பிடித்துவிடும்.

இந்த மூன்றாவது கூட்டத்தால் ஒரு வசதி உண்டு. நிறத்தைப் பார்த்தே மணத்தை ஓரளவு ஊகிக்கலாம். வெளிர் மஞ்சள் பழத்தில் கரோட்டினாய்டு குறைவு. அதனால் பூ வாசமும் குறைவு, மென்மையாகத்தான் இருக்கும். பீட்டா கரோட்டின் நிறைந்த ஆரஞ்சுப் பழத்தில் பீட்டா அயனோன் தூக்கலாக வர வாய்ப்பு அதிகம். என் தேர்வு எப்போதும் ஆரஞ்சுப் பக்கம்தான் சாயும். மஞ்சள் பழம் பிடிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம்: மணம் சேர்ந்தால் இனிப்பும் அதிகமாகத் தெரியும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி க்ளீயின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை அளவு கூடாமலே சில வாசனைப் பொருள்கள் இனிப்பை அதிகமாக உணரவைப்பதைக் காட்டினார்கள். பிரிக்ஸ் மீட்டரை மட்டும் நம்பித் தேர்வு செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீட்டரில் 6 காட்டிய பழம் 8 காட்டிய பழத்தைவிட இனிப்பாகத் தெரிவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தாய் தந்தையைத் தேர்வது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். அவசரப்படாதீர்கள்.

கடையில் வாங்கும், வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் கெட்டித் தோல் பழத்தின் விதையைப் பெற்றோராக எடுக்காதீர்கள். அப்படிப்பட்ட பல வீரிய ஒட்டு ரகங்களில், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய ரகங்களில், ரின் என்ற, பழுப்பதைத் தடுக்கும் மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும். பழம் மெதுவாகப் பழுக்கும், மணமும் அதோடு குறையும். அதன் விதையை முளைக்கவைத்தால் நாலில் ஒரு செடியின் காய் பழுக்கவே பழுக்காது. வெளிறிய மஞ்சளாகி அப்படியே நிற்கும்.

அடுத்து, காயின் தோள்பட்டையைப் பாருங்கள். பழுக்காத காயில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் இருந்தால் நல்ல அறிகுறி. காய் முழுக்க ஒரே சீரான வெளிர்பச்சையாக இருந்தால் அது ஒரு மரபணு மாற்றத்தின் விளைவு. எப்போது பறிக்கலாம் என்று பார்த்ததும் தெரியும், பழமும் சீராகச் சிவக்கும் என்பதால் பெரும்பாலான கம்பெனி ரகங்களில் அதைப் புகுத்திவிட்டார்கள். அந்த மாற்றம் காயிலேயே நடக்கும் ஒளிச்சேர்க்கையைக் குறைத்து, சர்க்கரையையும் குறைக்கிறது என்று 2012இல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் பவலும் சகாக்களும் கண்டறிந்தார்கள். கரும்பச்சைத் தோள் ஓங்கு பண்பு. அதனால் பெற்றோரில் ஒன்றில் இருந்தாலே முதல் தலைமுறையில் வந்துவிடும். இரண்டிலும் இருந்தால் கவலையே இல்லை.

பழத்தின் அளவைப் பற்றி ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். பெரிய பழமும் அதிக இனிப்பும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். க்ளீயின் குழு 2017இல் 398 ரகங்களை அலசியபோதும் இதே கதைதான்: பழத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கச் சர்க்கரை கழன்றுபோயிருக்கிறது. மணத்துக்கு அந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை. ஆகையால் கோலிக்குண்டைவிடப் பெரியதாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி 40, 50 கிராம் பழத்தை இலக்காக வையுங்கள். கால் கிலோ பழம் தேனாக இனிக்க வேண்டும் என்று கிளம்பினால் தலைமுறைகள்தான் வீணாகும்.

நான் விரும்பிச் செய்யும் ஜோடி இது: மணமுள்ள, பெரிய, உருளைக்கிழங்கு இலை மாதிரி விளிம்பில் வெட்டில்லாத இலை கொண்ட பழைய ரகம் தாய். பிராண்டிவைன் அந்த வகை. இனிப்பான செர்ரித் தக்காளி தந்தை. இலையை ஏன் இழுக்கிறேன் என்றால், அந்த வெட்டில்லாத இலை ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். கலப்பு சரியாக நடந்திருந்தால் நாற்று எல்லாம் சாதாரண வெட்டு இலையோடு வரும். வெட்டில்லாத இலையோடு ஒரு நாற்று வந்தால், பூ தன் மகரந்தத்தையே வாங்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பிடுங்கிப் போட்டுவிடலாம். காய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தந்தையாக எடுக்கும் செர்ரி விதைக்கு விதை மாறாமல் வரும் நிலைப்பட்ட ரகமா, ஒட்டு ரகமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒட்டு ரகமானால் உங்கள் முதல் தலைமுறையே ஒன்றுபோல் இருக்காது. தப்பில்லை, கூடுதல் செடி வளர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பூவில் கை வைப்பது

தக்காளிப் பூ தன்னைத் தானே மகரந்தம் செய்துகொள்ளும். நடுவில் மஞ்சள் கூம்பு போல் இருப்பது மகரந்தப்பைகள். அவை குழாயாக ஒட்டிக்கொண்டு, உள்ளே மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் நுனியான சூலகமுடியை மூடியிருக்கின்றன. பூ விரிந்த பிறகு கை வைத்தால் காரியம் கெட்டது, உள்ளே மகரந்தம் கொட்டியிருக்கும். அதனால் விரிவதற்கு முந்தைய நாள் மொட்டைப் பிடிக்க வேண்டும்.

அந்த மொட்டு எப்படி இருக்கும்? புல்லி இதழ்கள் பிரியத் தொடங்கியிருக்கும். உள்ளே பூவிதழ் நுனி வெளிறிய மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அடர்மஞ்சள் ஆகிவிட்டால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள். இன்னும் பச்சையாக இருந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

இடுக்கி நுனியைக் கூம்பின் பக்கவாட்டில் மெல்ல நுழைத்து, பிளந்து, வெளிப்பக்கமாக இழுங்கள். மகரந்தப்பைகள் பூவிதழோடு சேர்ந்தே வந்துவிடும். நடுவில் பச்சையாக ஒரு ஊசி மட்டும் நிற்கும். அதுதான் வேண்டியது. இடுக்கி அதில் பட்டு வளைந்தாலோ காயம் பட்டாலோ அந்த மொட்டைக் கிள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு கொத்தில் இரண்டு மூன்று மொட்டு போதும். மீதி மொட்டு, பூ எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சத்து அங்கே போய்விடும், எது கலப்புக் காய் என்ற குழப்பமும் வரும்.

அடையாளத்துக்கு நான் புல்லி இதழில் இரண்டைப் பாதியாக நறுக்கிவிடுவேன். பழம் பழுத்த பிறகும் அந்த வெட்டு அப்படியே இருக்கும். கட்டிவிட்ட சீட்டு காற்றில் போனாலும் பிரச்சினை இல்லை.

இனி மகரந்தம். தந்தைச் செடியில் அன்று நன்றாக விரிந்த பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுப்பது நல்லது. ஈரத்தில் மகரந்தம் உருண்டை கட்டிக்கொள்ளும். பகல் 32 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கிற நாட்களில் மகரந்தமே சரியாக இருக்காது, பூவும் உதிரும். அந்தப் பருவத்தில் கலப்பு வேலையை ஒத்திவையுங்கள். பூவின் அடியில் கறுப்பு அட்டை அல்லது கரண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் வையுங்கள். அதன் அதிர்வில் மகரந்தம் மாவு போல் கொட்டும். அந்த மாவில் தாய்ப் பூவின் சூலகமுடியை, அதாவது அந்தப் பச்சை ஊசியின் நுனியை, தொட்டு எடுங்கள். மறுநாளும் ஒரு தரம் தொட்டுவிடுவது என் வழக்கம்.

ஒரு வாரத்தில் ஊசியின் அடியில் உள்ள சூலகப்பை பருத்துப் பச்சைமணியாகத் தெரிந்தால் பிடித்துவிட்டது. சீட்டில் தாய் பெயரை முதலிலும் தந்தை பெயரை அடுத்தும் தேதியோடு எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை வெயிலில் ஒரே மாதத்தில் வெளுத்துவிடும்.

அந்தப் பழத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது தாய்ச் செடியின் பழம், தாயின் பழம் மாதிரியேதான் இருக்கும், ருசியும் அதே ருசிதான். புதியது உள்ளே உள்ள விதை மட்டுமே.

முதல் தலைமுறையும் அதற்குப் பிறகும்

பெற்றோர் இருவரும் நிலைப்பட்ட ரகமானால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே அச்சில் வரும். இரண்டு மூன்று செடி போதும். சின்னப் பழம் பெரும்பாலும் ஓங்கியே நிற்பதால், பழ அளவு நடுவில் வராமல் செர்ரிப் பக்கமே சாய்ந்திருக்கும். மனம் தளர வேண்டாம். இந்தத் தலைமுறையில் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. விதையை எடுத்துவைத்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

இரண்டாம் தலைமுறையில்தான் சீட்டுக்கட்டு கலைகிறது. எத்தனை செடி வளர்ப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு இப்படி: ஒரே ஒரு ஒடுங்கு பண்பு வேண்டுமானால் அது நாலில் ஒரு செடியில் வரும். குறைந்தது ஒன்றாவது கிடைக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு வேண்டுமென்றால் 11 செடி வளர்க்க வேண்டும். இரண்டு ஒடுங்கு பண்பு சேர்ந்து வேண்டுமானால் 47. மூன்று என்றால் 191. இதைப் பார்த்த பிறகு நான் ஒரு கலப்பில் இரண்டு பண்புக்கு மேல் ஆசைப்படுவதில்லை. இனிப்பும் மணமும் ஒரே மரபணுவில் இருப்பவையும் இல்லை, பல மரபணுக்கள் கூடிச் செய்கிற வேலை. அதனால் இரண்டாம் தலைமுறையில் நினைத்ததெல்லாம் ஒரே செடியில் கிடைக்காது. நன்றாக இருப்பவற்றில் மூன்று நாலை மேலே கொண்டுபோவதே இலக்கு.

இடம் இல்லையே என்றால், ருசி பார்க்கும் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம். பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக விட்டு, இரண்டு கொத்து காய்த்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். விளைச்சல் இப்போது நமக்குத் தேவையில்லை, நாலைந்து பழம் வாயில் போட்டுப் பார்த்தால் போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓரத்தில் காய்ந்து கிடந்த செடியின் பழம் இனிப்பாக இருந்தால் அதற்குக் காரணம் தாகமாக இருக்கும், பரம்பரையாக இருக்காது. சந்தேகமான செடியில் பக்கக் கிளை ஒன்றை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். அதை வேறு இடத்தில் நட்டு மறுபடி ருசி பாருங்கள். அச்சு அசல் அதே செடிதான், அதனால் தீர்ப்பு தெளிவாகிவிடும்.

ருசி பார்க்கும் நாள்

இதைப் பலர் அலட்சியமாகச் செய்கிறார்கள். எனக்கு இதுதான் முழு வேலையிலும் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

காயில் முதல் நிறம் தெரியும் நாளில் காம்பில் ஒரு நூலைக் கட்டுங்கள். அன்றிலிருந்து எல்லாச் செடிக்கும் ஒரே இடைவெளி விட்டுப் பறியுங்கள், ஒரு வாரம் சரியாக இருக்கும். ஒன்று நேற்றுப் பழுத்தது, இன்னொன்று அளவுக்கு மீறிக் கனிந்தது என்றால் ஒப்பிடவே முடியாது. மழை பெய்து ஓய்ந்த உடனே பறித்தால் பழம் தண்ணியாக இருக்கும், சில நாள் கழித்துப் பறியுங்கள். எந்தக் காரணத்துக்கும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிப்போகின்றன என்று 2016இல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் திரும்பாது. சர்க்கரை அப்படியே இருக்கும், மணம் போயிருக்கும். நாம் தேடுவதே மணத்தை.

தட்டில் எண் மட்டும் எழுதுங்கள், செடியின் பெயர் எழுத வேண்டாம். ஆசை ஆசையாகக் கலந்த செடி எது என்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். ஒரே உட்காரலில் ஆறு ஏழு பழத்துக்கு மேல் வேண்டாம், அதற்கப்புறம் மூக்கு மரத்துவிடும். வெட்டியதும் முதலில் முகருங்கள். அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை மெல்லுங்கள். இப்போது தெரிவது வெறும் இனிப்பும் புளிப்பும். அப்படியே மென்றுகொண்டே மூக்கை விடுங்கள். ஏதாவது ஒன்று பொங்கி வந்தால் அந்தச் செடியில் மணம் இருக்கிறது. ஒன்றுமே மாறவில்லையென்றால் அது சர்க்கரைத் தண்ணி, தள்ளிவிடுங்கள். இந்த ஒரு சோதனை பாதிச் செடிகளை வெளியே தள்ளிவிடும்.

சில பழங்களில் தைலம் தேய்த்த மாதிரியோ புகையடித்த மாதிரியோ ஒரு வாடை வரும். மெத்தில் சாலிசிலேட், குவாயகால் என்ற பொருள்களின் வேலை அது. பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காது. வீட்டுக்காரருக்கு அந்தப் புகை வாடை பிடிக்கும். அவர் மதிப்பெண்ணைத் தனியாகத்தான் குறித்துவைப்பேன்.

கடைசியாக மீட்டரில் சாறை விடுங்கள். முன்னதாகக் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுச் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெரிய தக்காளி 4, 5 காட்டும். நல்ல செர்ரி 8 தாண்டும். மீட்டர் அமிலத்தையும் மற்ற கரைந்த பொருள்களையும் சேர்த்தே காட்டுகிறது, எனவே அது துணைச் சாட்சிதான். எண்ணைப் பார்த்துவிட்டு ருசி பார்க்காதீர்கள், ருசி பார்த்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

சாப்பிடுகிறவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “அண்ணி, நாலாம் நம்பர் வாய்க்குள்ள பூ வச்ச மாதிரி இருக்கு, ஆனா தோலு மட்டும் கடைசி வரைக்கும் நிக்குது” என்று நாத்தனார் சொன்னதை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். பத்துக்கு எட்டு என்று எழுதியிருந்தால் அந்தத் தோல் விஷயம் மறந்தே போயிருக்கும். அடுத்த தலைமுறையில் மெல்லிய தோல் தேட வேண்டும் என்று புரிந்தது அந்த ஒரு வரியால்தான். அதே சமயம், தோலை ரொம்ப மெலியவிட்டால் மழைக்குப் பழம் வெடிக்கும். இனிப்புப் பழங்களில் அந்தத் தொல்லை அதிகம்.

நிலைநிறுத்துவது

தேர்ந்த செடியின் விதையை எடுத்து விதைப்பது, மறுபடி பொறுக்குவது. இனி இதேதான் வேலை. கலப்புத்தன்மை, அதாவது தாய் பக்கமும் தந்தை பக்கமும் வேறுவேறாக இருக்கும் மரபணுக்களின் பங்கு, தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும்: இரண்டாவதில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, நாலில் 12.5, ஆறாவதில் ஏறக்குறைய 3. மூன்றாம் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு தேர்ந்த செடிக்கும் ஆறு, எட்டு பிள்ளைகள் போதும். ஒரு குடும்பத்தில் எல்லாமே சுமாராக இருந்தால் அதில் ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறதே என்று தொங்கிக்கொண்டிருக்காமல் குடும்பத்தையே விட்டுவிடுங்கள். குடும்பமே நன்றாக இருந்து அதில் ஒன்று மிக நன்றாக இருந்தால், அதை விடாதீர்கள்.

பழம் அளவில் ரொம்பச் சிறுத்துப்போனால், மூன்றாம் நாலாம் தலைமுறையில் நல்ல மணமுள்ள செடியைப் பெரிய பழத் தாயோடு மறுபடி ஒரு முறை கலக்கலாம், இதைத்தான் பின்கலப்பு என்பார்கள். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அதற்கு மனசு வர வேண்டும்.

விதை எடுக்கும் செடியில் பூ விரியும் முன்பே கொத்தை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிவிடுங்கள். தக்காளி தானே சேர்ந்துகொள்ளும் என்றாலும், சூலகமுடி கூம்புக்கு வெளியே நீண்டிருக்கும் பழைய ரகங்களில் தேனீ புகுந்து வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். மகரந்தம் உதிரப் பையை நாளுக்கு ஒரு தரம் தட்டினால் போதும். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாளத்துக்கு நூலைக் கட்டுங்கள். நன்றாகக் கனிந்த பிறகு விதையைக் கூழோடு ஒரு குவளையில் போட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். நாற்றம் அடிக்கும், மேலே ஏடு கட்டும். விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்ததும் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது. உறையில் செடி எண், தாய் எண், தலைமுறை, தேதி, ருசிக் குறிப்பில் ஒரு வரி. உலர்ந்த இடத்தில் வைத்தால் நாலைந்து வருஷம் முளைப்புத்திறன் நன்றாகவே இருக்கும். அதனால் தேர்வில் தோற்ற நல்ல செடிகளின் விதையிலும் ஒரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு தலைமுறை கழித்து, அந்தத் தோல் மெல்லிசாக இருந்ததே, அந்தச் செடி எங்கே என்று தேட வேண்டி வரும்.